திருப்பி வெட்டிய உடம்பு

தப்பாகச் சொல்லிவிடுவோம் என்று பஞ்சவர்ணத்துக்குக் காலையிலிருந்தே பயமாக இருந்தது. இப்போது அந்தப் பயம் போய், தப்பாகச் சொல்லியே விட்டோமோ என்கிற வேறொரு பயம் வந்து கட்டிலில் அவளோடு உட்கார்ந்துகொண்டது. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப்போன கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்தாள். கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பட்டை இறுகி விரல்கள் மதமதவென்று ஆன நேரம் பார்த்து, "வலி எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள். பஞ்சவர்ணம் ஏதோ சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். பட்டை புஸ்ஸென்று தளர்ந்தது, செருப்புச் சத்தம் அடுத்த கட்டிலைத் தாண்டிப் போனது, அப்புறம்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன சொன்னோம்? இடது என்றா, வலது என்றா? பித்தப்பை ஊரில் எல்லோருக்கும் வலது விலாவுக்குக் கீழே இருக்கிறது. அவளுக்கு இடது பக்கம் இருக்கிறது. அதற்குள் கல். நாளைக் காலையில் அதைத்தான் எடுக்கப்போகிறார்கள். இடது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாக்கை அசைத்து இரண்டு வார்த்தையையும் சொல்லிப் பார்த்தால் இரண்டுமே சற்றுமுன் சொன்ன மாதிரிதான் இருந்தது. நர்ஸ் எதிரே நின்றாள், அதுதான் வினை. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு நிறுத்தித் தையல் மிஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து எதிரே நிற்கிற பெண்களுக்கு அளவெடுத்தே பழகிய வாய். எதிரே நிற்பவளின் இடது தோள் இவள் வலது கைக்கு நேரே வரும். டேப்பைப் பிடிக்கும்போதே மனசு அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும், அவளைக் கேட்காமலே. ஆள் எதிரே வந்து நின்றாலே புத்தி தானாகத் திரும்பிவிடுகிற பெண்ணிடம் போய் எந்தப் பக்கம் என்று கேட்டால்?

"செல்வி, நான் இப்ப அந்த நர்சுகிட்ட எந்தப் பக்கம்னு சொன்னேன்?"

பக்கத்துக் கட்டிலில் வத்தலக்குண்டு ஆரோக்கியசெல்வி, தக்காளி மண்டியில் சத்தம் போட்டு ஏலம் கேட்டுப் பழகியவள், குடல்வால் எடுத்து நாளைக்கு வீட்டுக்குப் போகப்போகிறவள், ரவிக்கைக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எங்கக்கா தெரியும்? நானே என் தையலப் பாத்துக்கிட்டிருக்கேன். கோணிச்சாக்கு தச்ச மாதிரி தச்சிருக்கான் படுபாவி. உங்ககிட்டக் குடுத்திருந்தா நேரா ஒரு ஓட்டு ஓட்டியிருப்பீங்க."

"இடதுன்னு சொன்னேனா?"

"சொல்லியிருப்பீங்கக்கா. சும்மா படுங்க."

சொல்லியிருப்பீங்க. இந்தச் சொல்லியிருப்பீங்கவை வைத்துக்கொண்டு எப்படிப் படுப்பது? வலது என்று எழுதியிருந்தால் வலது பக்கம் திறப்பார்கள், அங்கே ஒன்றும் இருக்காது, அப்புறம் தேடுவார்கள், தேடுகிற கை எதை நெருடும்? படம் இருக்கிறதே, படத்தைப் பார்க்காமலா கத்தி வைப்பார்கள் என்று நேற்றுப் போனில் சோலைராஜ் கேட்டான். அவள் வீட்டுக்காரன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், நாளைக் காலையில்தான் வருவான். அவனுக்கு எல்லாம் லேசு. ஆனால் அவள் பார்த்தாளே, முந்தாநாள் வராந்தாவில் ஒரு வார்டுபாய் யாருடைய படத்தையோ ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பி, இப்படியா அப்படியா என்று பார்த்துக்கொண்டிருந்ததை. கறுப்புப் படம், மெல்லிய வாயில் புடவைத் துணி மாதிரி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல்தான் தெரியும். துணி என்றால் அவள் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பாள், எந்தத் துணியானாலும், எவ்வளவு அவசரமானாலும். படத்தில் யார் குறி போட்டிருக்கிறார்கள்? மற்றவர்கள் படத்தைத் திருப்பிப் பிடித்தால் இதயம் வலது பக்கம் வந்து, அட, தப்பு என்று தெரிந்துவிடும். அவளுடையதைத் திருப்பிப் பிடித்தால் எல்லாம் அதனதன் இடத்தில், ஊர் உலகத்தில் உள்ள உடம்பாக, சரியாக இருக்கும். அந்தச் சரிதான் அவளைக் கொல்லப்போகிற சரி. இப்படியே இத்தனை வருஷமும் எல்லோரும் அவளைத் திருப்பிப் பிடித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். இடது விலாவில் வலி என்றதும் மருந்துக்கடைக்காரர் வாயு என்றார். பஜார் டாக்டர் அல்சர் என்றார், காரத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தாள், சப்பென்று தின்றாள், வலி அதே இடத்தில் உட்கார்ந்து சிரித்தது. கடைசியில் இந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கிறவர் வயிற்றில் பசையைத் தடவி உருட்டிக்கொண்டே வந்து, சட்டென்று பேச்சை நிறுத்தி, மிஷினைத் தட்டிப் பார்த்தார். மிஷின் ரிப்பேர் என்று நினைத்திருக்கிறார். அப்புறம் இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார், ஆளாளுக்கு உருட்டினார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவளை இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. இதயம் வலது பக்கம். கல்லீரல் இடது பக்கம். வயிறு வலது. எல்லாம் இருக்கிறது, ஒன்றும் குறையில்லை, எல்லாம் மாறி இருக்கிறது. "கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கீங்கம்மா நீங்க" என்றார் ஸ்கேன்காரர். அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். கண்ணாடிக்குள் இருக்கிறவளுக்கு இதயம் சரியான பக்கத்தில் இருந்தது. அவளைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இன்று காலையில் அந்தச் சின்ன டாக்டரம்மா வந்து உட்கார்ந்திராவிட்டால் இந்தக் குழப்பம் வேறுமாதிரி இருந்திருக்கும். நஸ்ரின் என்று பெயர், அவள் மகள் இலக்கியாவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், சதா பசித்த முகம். "அம்மா, உங்கள மாதிரி ஆளப் பாக்குறதே அபூர்வம், கொஞ்சம் கேட்டுக்கட்டுமா?" என்று நெஞ்சில் குழலை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டது, வலது பக்கம் வைத்ததும் முகம் மலர்ந்தது. தன் இதயத்தைக் கேட்டு ஒரு ஆள் சிரித்தது பஞ்சவர்ணத்துக்கு இதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள். ஏன் டாக்டர், இது எப்படி இப்படி ஆகும்? யாராவது திருப்பி வைத்ததா? நஸ்ரின் கட்டிலில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. "எல்லாருமே வயித்துல எள்ளு மாதிரி இருக்குறப்போ இடமும் கெடையாது வலமும் கெடையாதும்மா. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். தலை எது கால் எதுன்னு தெரிஞ்சிரும், முன்னாடி எது பின்னாடி எதுன்னு தெரிஞ்சிரும். இடது எதுங்கிறதுதான் தெரியாது. அப்ப நடுவுல ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியில முடி முடியா மொளச்சிருக்கும், கண்ணுக்கே தெரியாது. அது எல்லாம் ஒரே பக்கமாச் சுத்தும்." டாக்டரம்மா விரலைக் கஞ்சி டம்ளருக்குள் விட்டுச் சுற்றிக் காட்டியது, விரலைத் துடைக்கவும் மறந்துவிட்டது. "சுத்துனா என்னாகும்? குழியில இருக்குற தண்ணி ஒரு பக்கமா ஓடும். தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அதுதான் இடது. அந்தப் பக்கத்துல ஒரு ஜீன் முழிச்சுக்கும். அது முழிச்சு அடுத்ததை எழுப்பும், அது அதுக்கு அடுத்ததை. இதயம் இப்படி வளையணும், கல்லீரல் அப்படிப் போகணும், குடல் இப்படிச் சுத்தணும்னு எல்லாம் அதுலருந்துதான்." எலியிலே பார்த்துத்தான் கண்டுபிடித்தார்களாம். முடி சுற்றாத எலிகளில் பாதிக்கு இதயம் இந்தப் பக்கம், பாதிக்கு அந்தப் பக்கம். எலிக்கும் நமக்கும் ஒரே குழியா என்று கேட்டதற்கு, ஆமாம்மா, கிட்டத்தட்ட ஒரே குழிதான் என்றது. தையல் மிஷினுக்கு அடியில் நூல்கண்டைக் கடித்துவைக்கிற அந்தச் சனியனுக்கும் தனக்கும் ஒரே குழி! அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கையில், அது சுற்றுகிற பக்கத்துக்கே கூரையின் ஒட்டடை ஆடுவதைப் பார்க்கையில், அம்மா வயிற்றுக்குள் ஒரு எள்ளில் ஒரு குழியில் அசையாத தண்ணீர் நிற்பது தெரிந்தது. ஏனென்றால் அவளுக்கு முடி சுற்றவில்லை. அப்படித்தான் இருக்கும் என்றது டாக்டரம்மா, சுற்றாவிட்டால் பூவா தலையா போட்ட மாதிரிதான், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழும். அப்படியானால் எல்லோரையும்போல விழுந்திருக்கவும் வாய்ப்பு இருந்திருக்கிறது. அன்றைக்கு அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்? தன் வயிற்றில் ஒரு எள் இருப்பதே தெரியாமல் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பாள். அம்மா, கிரகணத்துக்கு வெளியே போனாயா, எதையாவது தாண்டினாயா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. கேட்டிருந்தாலும், தண்ணீர் நின்றுபோன குழியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

அதைவிட நஸ்ரின் போகிற போக்கில் கேட்டதுதான் பஞ்சவர்ணத்தை உலுக்கிவிட்டது. "சின்னதுல இருந்தே சளித் தொல்லை உண்டாம்மா?" உண்டாவா? மூக்கை உறிஞ்சாமல் அவள் ஒரு பாவாடை தைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே சளிமூக்கி. மோர் ஆகாது என்றார்கள், தலைக்குக் குளிக்காதே என்றார்கள், பஞ்சுத்தூசி என்றார்கள், மூன்றையும் விட முடியுமா, தூசியை விட்டால் சோறு ஏது? இது எப்படி உங்களுக்குத் தெரியும் டாக்டர் என்று கேட்டாள், ஜோசியக்காரனிடம் வசமாக மாட்டிக்கொண்ட மாதிரி. மூக்குக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் அதே மாதிரி முடிதானாம், அதுதான் சளியை வாசல் பெருக்குவதுபோல் பெருக்கி வெளியே தள்ளுமாம். குழியில் சுற்றாத முடி மூக்கிலும் சுற்றாது. பஞ்சவர்ணம் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பெண் கொஞ்சம் தயங்கியது. "குழந்தை உடனே உண்டாச்சா?" இல்லை. இலக்கியா வருவதற்குள் கல்யாணமாகி வந்த ஊரெல்லாம் பேசி முடித்துவிட்டது. மாமியார் எதிர்வீட்டுக்காரியிடம் பேசுகிற சாக்கில், "எங்க வீட்டு மரம் நல்லாத்தான் தளதளன்னு நிக்குது, காய்தான் காணோம்" என்று இவள் காதில் விழும்படி சொல்வாள். கருப்பைக்குப் போகிற குழாயிலும் அதே முடிதாம்மா, கருவை அதுதான் தள்ளிக்கொண்டு போகும், அதனால் லேட்டாகியிருக்கலாம், நிச்சயமா சொல்ல முடியாது என்றது நஸ்ரின். இருக்கலாம். இந்த இருக்கலாம் மட்டும் அன்றைக்கே கிடைத்திருந்தால்! ஒரு முடி. கண்ணுக்குத் தெரியாத ஒரு முடி இதயத்தை அந்தப் பக்கம் தள்ளி, மூக்கை ஒழுகவிட்டு, பிள்ளையைத் தாமதமாக்கி, எல்லாம் செய்துவிட்டுச் சாதுவாக நிற்கிறது. ஆனாலும் பிள்ளை வந்தது. வந்த பிள்ளை இடது தோளில் போட்டால் வீரிட்டு அழும், வலது பக்கம் மாற்றினால் கப்சிப் என்று தூங்கிவிடும். மாமியார் அதற்கும் விடவில்லை, சோத்துக்கைப் பக்கம் பிள்ளைய வச்சுக்கிட்டு வேலைய யாரு செய்வா, உங்கப்பனா? என்று கேட்டாள். யாருக்கும் தெரியாததைப் பல் முளைக்காத அந்தச் சிறுக்கி கண்டுபிடித்து வைத்திருந்தாள், அம்மாவின் இதயம் எங்கே அடிக்கிறது என்று. நினைத்ததும் மார்பு, வலது மார்பு, சுருக்கென்று இழுத்தது. பஞ்சவர்ணம் பயந்து கையை வைத்துப் பார்த்தாள். இல்லை, வலி இல்லை. வெறும் நினைப்புத்தான்.

அந்த முடிக்குச் சுற்றாதே என்று யார் சொன்னது என்பதில்தான் புத்தி மறுபடி மறுபடி போய் மாட்டிக்கொண்டது, மிஷினில் ஊசிக்கு அடியில் துணி சிக்கிக்கொள்வதுபோல. ஜீன் என்றது டாக்டரம்மா. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அதை அவள் தன் வழியில் புரிந்துகொண்டாள். கடையில் ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு அட்டை வெட்டி வைத்திருப்பாள். ஒன்றில் கழுத்து வளைவு கிழிந்துபோனால் மற்றதை வைத்து வெட்டலாம், ரவிக்கை பழுதில்லாமல் வரும். ஆனால் இரண்டு அட்டையுமே ஒரே பழைய கிழிந்த அட்டையைப் பார்த்து வெட்டியதாக இருந்தால்? அம்மா தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டியவள். சொத்தும் வெளியே போகவில்லை, கிழிசலும் வெளியே போகவில்லை. சோலைராஜ் அந்நியம் என்பதால் இலக்கியாவுக்கு நல்ல அட்டை ஒன்று இருக்கிறது, அந்த மட்டும் நிம்மதி. அப்புறம் இன்னொன்று தோன்றியது, தோன்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ரவிக்கையின் முன்பக்கம் பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது? கை இரண்டு, கப்பு இரண்டு, மார்புக்கு மடித்துத் தைத்த டாட் இரண்டு பக்கமும். ஆனால் ஒரு பக்கம் கொக்கிப் பட்டி, மறு பக்கம் வளையப் பட்டி. அது மட்டும்தான் வேறு. அது வேறாக இருப்பதால்தான் பூட்டுகிறது. மனுஷ உடம்பும் வெளியே கண் இரண்டு காது இரண்டு என்று ஒன்றுபோலக் காட்டிவிட்டு உள்ளே ஒரு பக்கம் கொக்கி, ஒரு பக்கம் வளையமாக வைத்திருக்கிறது. தையல்காரிகள் எல்லோருமே ஒரு தடவையாவது துணியை மடிக்காமல் வெட்டி, இரண்டு முன்பக்கமும் ஒரே பக்கத்துக்கு வந்து, தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் துணி வீண், ஒட்டுப்போட்டாலும் தேறாது. அவள் உடம்பு அப்படி ஆகவில்லை. அப்படியே முழுசாக, கொக்கியை வளையம் இருக்கும் பக்கமும் வளையத்தைக் கொக்கி இருக்கும் பக்கமும் மாற்றித் தைத்த ரவிக்கை. பொருந்தும், பூட்டும், உழைக்கும், பிள்ளை பெறும். கழற்றுகிற கைக்குத்தான் தடுமாறும்.

கழற்றுகிற கை. நாளைக்குக் கழற்றப்போகிற கை. ஆர்வமெல்லாம் வடிந்து மறுபடி பயம் வந்தது. நர்சைப் போய்க் கேட்டால் என்ன? கேட்கத்தான் போனாள். நர்ஸ் யாருடனோ போனில் பேசிக்கொண்டே, "எல்லாம் சரியாத்தாம்மா எழுதியிருக்கு, போய்ப் படுங்க" என்று சொல்லி, நாளைக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பச்சைச் சட்டை ஒன்றைக் கையில் திணித்தாள். எது சரி? எல்லோருக்கும் சரியா, எனக்குச் சரியா? அதைக் கேட்க வாய் வரவில்லை. கட்டிலுக்கு வந்து சட்டையை விரித்தாள். மட்டமான தையல், நாடா வைத்து முதுகில் கட்டுவது. பையில் ஊசியும் சிவப்பு நூலும் இருந்தன, அவை இல்லாமல் அவள் எங்கும் போனதில்லை. இடது பக்கம் விலாவுக்கு நேரே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி தைத்துவிட்டால்? ஊசியில் நூலைக் கோத்தும்விட்டாள். கோத்த பிறகு எதிர்க்கட்டில் கிழவியைப் பார்த்தாள், அதே பச்சைச் சட்டையை நாடா முன்பக்கம் வரும்படி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மயக்கத்தில் இருக்கும்போது யாராவது சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டால் சிவப்புக் குறி பத்திரமாக வலது பக்கம் போய்விடும். துணியை நம்ப முடியாது. படத்தை நம்ப முடியாது. வாயை நம்பவே முடியாது. இடது வலது என்கிற வார்த்தைகளே நிற்கிற இடத்தைப் பொறுத்துத் திரும்பிக்கொள்கிற வார்த்தைகள். திரும்பாதது எது? எள்ளாக இருந்தபோது ஒரு தடவை தீர்மானமாகி, அதன்பிறகு அவள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் நகராமல் அதே இடத்தில் இருப்பது எது?

"செல்வி, நீ சீட்டாட்டத்துக்குப் புள்ளி போட பேனா வச்சிருந்தியே, அதக் குடு."

"எதுக்குக்கா?"

"என் வயித்துல எழுதணும்."

ஆரோக்கியசெல்வி சிரித்த சிரிப்பில் தையல் இழுத்து, ஐயோ அம்மா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா இது, எலக்சனுக்குச் சுவரு பிடிக்கிற மாதிரி! இடம் ரிசர்வுன்னு எழுதப்போறீங்களா?"

"நீதான் எழுதணும். நான் குனிஞ்சு எழுதுனா எழுத்து எனக்கு நேரா வரும், அவங்களுக்குத் தலைகீழாப் போயிரும். வா, சிரிக்காத."

செல்வி மெதுவாக எழுந்து வந்து கட்டில் திரையை இழுத்துவிட்டாள். பஞ்சவர்ணம் மல்லாந்து படுத்துச் சேலையை விலக்கினாள். வலியைக் கேட்டு, வலி காட்டிய இடத்தில், விலா எலும்பு முடிகிற ஓரத்துக்குக் கீழே, தன் விரலை ஊன்றினாள். அதே விரல்தான், துணியில் டாட் எங்கே வர வேண்டும் என்று ஊன்றுகிற விரல்.

"இங்கயா?"

"இங்கதான்."

"என்ன எழுத? இடதுன்னா?"

"அந்த ரெண்டு வார்த்தையும் வேண்டாம்."

செல்வி பேனா முனையை எச்சில் தொட்டு ஈரமாக்கினாள். பஞ்சவர்ணத்துக்குக் கூசியது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். எழுதி முடித்த செல்வி தலையைச் சாய்த்து, மண்டிக்கு வந்த கூடையைப் பார்ப்பதுபோல் பார்த்து, மேலே இன்னொரு தடவை அழுத்திப் போட்டாள். எழுதியது இவ்வளவுதான்: கல் இங்கே. பிறகு பஞ்சவர்ணம் பேனாவை வாங்கித் தானே, கண்ணால் பார்க்காமல், வலது மார்புக்கு மேலே, துடிப்பு விரலில் தட்டிய இடத்தில், ஒரு பெருக்கல் குறி போட்டாள். எழுத்தாக இருந்தால்தான் தலைகீழாகும், பெருக்கல் குறி எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பெருக்கல் குறிதான்.

சாயங்காலம் பெரிய டாக்டர் பட்டாளத்தோடு வந்தார். பின்னால் நஸ்ரின் நின்றது. "வலி எந்தப் பக்கம்மா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் எதிரே நின்றார்கள். பஞ்சவர்ணம் வாயை இறுக்க மூடிக்கொண்டு, சேலையை விலக்கிக் காட்டினாள்.